இடுப்பில் தெரிந்த துப்பாக்கியும் சட்டைக்குள் மறைத்த துப்பாக்கியும்: டெக்சாஸ் வீட்டில் எட்டு மாதம்

2022 தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கோயிலுக்குக் கிளம்பினோம். ராத்திரி ஒன்பதரைக்குத் திரும்பி வந்தபோது பின்கட்டுக் கதவு திறந்து கிடந்தது. நிலையோடு சேர்த்துப் பெயர்த்திருந்தார்கள். டிவி, லேப்டாப், குழந்தைகளின் ஐபேட் எல்லாம் அப்படியே இருந்தன. படுக்கையறை அலமாரியில் புடவைகளுக்கு அடியில் இருந்த நகைப்பெட்டி மட்டும் இல்லை. 32 பவுன். கல்யாணத்துக்கு மாமியார் போட்ட ஆரம், என் அம்மா தன் வளையலை அழித்து மகளுக்குச் செய்து கொடுத்த சங்கிலி, எல்லாம் போய்விட்டது. அன்றைய விலைக்கே 12 ஆயிரம் டாலருக்கு மேல். இங்கே டாலஸுக்கு வடக்கே இருக்கும் புறநகர்களில் இந்தியக் குடும்பங்கள் வீட்டில் தங்கம் வைத்திருப்பார்கள் என்பது திருடர்களுக்கு நன்றாகத் தெரியும். வாசலில் கோலமும் தோரணமும் இருந்தால் வேறு அடையாளம் வேண்டாம்.

வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் நகை திருட்டுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பெரும்பாலான பாலிசிகளைப் போல எனக்கும் அது 1,500 டாலர்தான். மொத்த நகைக்கும் அவ்வளவுதான் வந்தது. நகைக்கென்று தனியாக ஒரு ரைடர், அதாவது பாலிசியோடு சேரும் கூடுதல் காப்பீடு, எடுத்து, ஒவ்வொன்றையும் எடை, பில், போட்டோவோடு பதிவு செய்திருக்க வேண்டும். முதலில் செய்ய வேண்டிய வேலை அதுதான். நான் அதைச் செய்யாமல் துப்பாக்கிக் கடைக்குப் போனேன்.

நாமக்கல் பக்கம் வளர்ந்தவன் நான். ஊரில் நான் நேரில் பார்த்த ஒரே துப்பாக்கி வங்கி வாசலில் காவலாளி தோளில் மாட்டியிருக்கும் இரட்டைக்குழல்தான். ஆனால் திருட்டுக்கு அப்புறம் மூன்று வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. ஃபிரிட்ஜ் சத்தம் மாறினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். இனி யாராவது வந்தால் என்ன செய்வேன் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் படுக்கவே முடியவில்லை. நவம்பரில் க்ளாக் 19 என்ற கைத்துப்பாக்கி ஒன்று வாங்கினேன், 550 டாலர். எனக்கு 2021இல் கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வந்திருந்ததால் வாங்க முடிந்தது. துப்பாக்கி வாங்குபவர் கடையில் நிரப்பும் 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தில் ஏலியன் நம்பர், அதாவது குடியேறியவருக்கு அரசு தரும் எண், எழுத வேண்டும். அதன் பிறகு பின்னணிச் சரிபார்ப்பு. எனக்கு அது அன்றே முடியவில்லை, இரண்டு நாள் கழித்துத்தான் கூப்பிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். எச்1பி, எல்1 போன்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் வக்கீலிடம் கேட்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம். நண்பரின் துப்பாக்கியை விளையாட்டுக்குக் கையில் வாங்கிப் பார்ப்பதும், ஊருக்குப் போகும்போது "உன் வீட்டில் வை" என்று அவர் கொடுப்பதை வாங்கி வைப்பதும் அதே ஆபத்துதான். படிவத்தில் பொய் சொல்வது தனிக் குற்றம்.

வாங்கியாகிவிட்டது. எப்படி வைத்துக்கொள்வது? என்னோடு வேலை செய்யும் ஒருவர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், "வெளியே தெரியும்படி இடுப்பில் மாட்டு. பார்த்தாலே எவனும் கிட்ட வரமாட்டான்" என்றார். சட்டமும் தடுக்கவில்லை. டெக்சாஸில் சொந்த வீட்டிலும் சொந்த மனையிலும் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள எப்போதுமே லைசென்ஸ் தேவைப்பட்டதில்லை. 2016 ஜனவரியிலிருந்து லைசென்ஸ் உள்ளவர்கள் பொது இடத்திலும் உறையில் போட்டு வெளிப்படையாக எடுத்துப் போகலாம் என்றானது. 2021 செப்டம்பரிலிருந்து, 21 வயதாகி வேறு தடை எதுவும் இல்லாதவர்களுக்கு லைசென்ஸும் வேண்டாம். சட்டம் அனுமதித்தால் போதும், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

அப்படியே மாட்டிக்கொண்டு திரிந்தேன். புல் வெட்டும்போது, குப்பைத் தொட்டியைத் தள்ளும்போது, கராஜைத் திறந்து வைத்துக் கார் கழுவும்போது, எப்போதும் வலது இடுப்பில் அது இருக்கும். உண்மையைச் சொல்கிறேன், அந்த முதல் வாரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. திருட்டுக்குப் பிறகு முதல் தடவையாக முழு ராத்திரி தூங்கினேன். டிசம்பரில் அம்மா ஊரிலிருந்து வந்தார். விமான நிலையத்திலிருந்து வந்து, காபி குடித்து, நான் குப்பையைக் கொட்டிவிட்டு உள்ளே வந்ததைப் பார்த்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார்: "சாமி, அருவாளைக் கருப்பன் கோயில்லதான் நட்டு வெப்பாங்க. நம்மூட்ல அதைய மூலைல படுக்கப் போட்டுத்தான் பழக்கம். வர்றவங்க போறவங்க கண்ல படறாப்பல எதுக்கு?" வயசானவர், இந்த ஊர் நிலவரம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் தெருவில் என்ன மாறியது என்று எனக்குத் தெரியவே இல்லை, மனைவிக்குத்தான் தெரிந்தது. எதிர் வீட்டுப் பெரியவர் முன்பெல்லாம் வேலியில் கை வைத்து அரை மணி நேரம் பேசுவார். இப்போது கையசைத்துவிட்டு உள்ளே போனார். மகளின் தோழி, இரண்டு வீடு தள்ளியிருக்கும் தெலுங்குக் குடும்பத்துப் பெண், வருவது நின்றுபோனது. அவளுடைய அம்மா மனைவிக்கு, "இனிமேல் எங்கள் வீட்டிலேயே விளையாடட்டுமே" என்று ஒரு வரி அனுப்பியிருந்தார். காரணம் எழுதவில்லை. இன்னொன்று: எங்கள் தெருவில் தபால் பெட்டிகள் எல்லாம் சேர்த்து நாலு வீடு தள்ளி ஒரே இடத்தில் இருக்கும். யோசிக்காமல் துப்பாக்கியோடு அங்கேயும் போய் வந்திருக்கிறேன். அது என் மனை இல்லை, பொது இடம். அங்கே பிறர் பயப்படும்படி துப்பாக்கியைக் காட்டினான் என்று யாராவது புகார் கொடுத்திருந்தால் அது வேறு சட்டப் பிரிவு. என் எல்லை எங்கே முடிகிறது என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. நீங்கள் முதலில் அதை நடந்தே அளந்து பாருங்கள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, மாலை ஆறரை இருக்கும். லேசாக இருட்டு. கராஜில் இருந்தேன். ஒரு பழைய கார் மெதுவாக வந்து நின்றது, கொஞ்சம் முன்னே போனது, பின்னால் வந்தது. ஒரு பையன் இறங்கினான், இருபது வயசுக்கு மேல் இருக்காது. தலையில் ஹூடி. போன் வெளிச்சத்தில் என் வீட்டு எண்ணைப் பார்த்தான். அப்புறம் வாசற்படிக்குப் போகாமல் பக்கவாட்டு வழியில், அந்தப் பெயர்த்தெடுத்த கதவு இருந்த பக்கம், திரும்பினான். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கராஜிலிருந்து வெளியே வந்து, "யார் வேணும்?" என்று சத்தமாகக் கேட்டேன். கை தானாகப் போய்த் துப்பாக்கியின் பிடியில் உட்கார்ந்துவிட்டது. உருவவில்லை. ஆனால் கை அங்கே இருந்தது.

அந்தப் பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைத்தான் பார்த்தான். இரண்டு கையையும் தூக்கினான். ஒரு கையில் சாப்பாட்டுப் பொட்டலம். அதை அப்படியே புல்லில் வைத்துவிட்டு, திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து காருக்குப் போனான். "தப்பான வீடு சார், தப்பான வீடு" என்று இரண்டு தடவை சொன்னது எனக்குக் கேட்டது. பொட்டலத்தில் இருந்த எண் எங்கள் பின்தெருவில் உள்ள வீட்டுடையது. வழி காட்டிய செயலி அவனை இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அந்தப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். உள்ளே குழந்தைகளுக்கான சாப்பாடு இருந்தது, சின்ன பொம்மையோடு.

பத்து நிமிஷத்தில் இரண்டு போலீஸ் கார்கள் வந்தன. பையன் அவசர உதவி எண்ணான 911க்கு அடித்திருக்கிறான். அவன் செய்தது சரி, அவன் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஒலிபெருக்கியில் என்னைக் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரச் சொன்னார்கள். திரும்பி நிற்கச் சொன்னார்கள், பின்பக்கமாக நடக்கச் சொன்னார்கள், முட்டி போடச் சொன்னார்கள். அன்று வெயிலே இல்லை, சிமெண்டுத் தரை ஜில்லென்று முட்டியில் ஏறியது. ஒருவர் துப்பாக்கியை உருவி எடுத்து, தோட்டாவை வெளியே எடுத்து, தன் காரில் வைத்தார். கைவிலங்கு போட்டு நடைபாதை ஓரம் உட்கார வைத்தார்கள். ஜன்னல் வழியாக அம்மாவும், மகளும், நாலு வயது மகனும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருவே பார்த்தது. அம்மா வெளியே வர முயன்றார், மனைவி பிடித்து நிறுத்தினாள். அவள் அப்படி நிறுத்தியது எவ்வளவு நல்ல காரியம் என்று பிறகுதான் புரிந்தது.

என்னைக் காப்பாற்றியது கராஜ் மேலே இருந்த கேமரா. துப்பாக்கி உறையை விட்டு வெளியே வரவே இல்லை என்பது அதில் பதிவாகியிருந்தது. இருபத்தைந்து நிமிஷம் கழித்து விலங்கை அவிழ்த்துவிட்டு, துப்பாக்கியையும் தோட்டாக்களையும் தனித்தனியாகக் கொடுத்தார்கள். மூத்த அதிகாரி ஒருவர் நிதானமாகப் பேசினார்: "மாட்டியிருப்பது உங்கள் உரிமை. கை அதன் மேலே போன நிமிஷத்திலிருந்து எதிரில் இருப்பவன் அதை மிரட்டலாகத்தான் எடுத்துக்கொள்வான்." வெளியே எடுத்து நீட்டியிருந்தால் 'டெட்லி காண்டக்ட்' (பிறர் உயிருக்கு ஆபத்தான நடத்தை) என்ற குற்றம், ஒரு வருஷம் வரை சிறை கிடைக்கலாம் என்றார்.

மறுநாள் குற்றவியல் வக்கீல் ஒருவரைப் பார்த்தேன், 350 டாலர். அவர் சொல்லி குடியேற்ற வக்கீலையும் பார்த்தேன், 300 டாலர். வழக்கு வந்தால் என்று பயந்து 2,000 டாலர் முன்பணமும் கட்டினேன். வழக்கு வரவில்லை, அதில் பாதிதான் திரும்பி வந்தது. குடியேற்ற வக்கீல் சொன்னது எனக்கு முன்பு யாரும் சொல்லாதது. துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை ஆகிவிட்டால், கிரீன் கார்டு வைத்திருப்பவரை நாடு கடத்த அதுவே தனிக் காரணம். குடிமகனுக்கு அபராதத்தோடு போகும் விஷயம் நமக்கு வீடு, வேலை, பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்துவிடும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, கைது மட்டுமல்ல, போலீஸ் நிறுத்தி வைத்ததுண்டா என்றும் கேட்பார்கள். வழக்கு பதியாவிட்டாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும். அதனால் அன்றைய சம்பவ எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அறிக்கையின் நகலை உடனே கேட்டு வாங்குங்கள், கேமரா பதிவு தானாக அழிவதற்குள் வேறு இடத்தில் சேமியுங்கள். போலீஸ் வந்தால் கை இரண்டும் தெரியட்டும், துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள், கையால் காட்டப் போகாதீர்கள். வீட்டில் இருப்பவர்கள் உள்ளேயே இருக்க வேண்டும் என்று முன்னாலேயே பேசி வையுங்கள்.

அடுத்த இரண்டே மாதத்தில், 2023 ஏப்ரலில், கான்சாஸ் சிட்டியில் ஒரு பதினாறு வயதுப் பையன் தம்பிகளைக் கூட்டிவரப் போய், வீடு மாறி வேறொரு வீட்டில் மணி அடித்தான். வீட்டுக்காரர் சுட்டுவிட்டார். பையன் பிழைத்தான். இரண்டு நாள் கழித்து நியூயார்க் மாநிலத்தில் ஒரு கிராமத்துப் பக்கம், வழி தவறி ஒரு வீட்டு டிரைவ்வேயில் திரும்பிய காரில் இருந்த இருபது வயதுப் பெண் சுடப்பட்டு இறந்தாள். அந்தச் செய்திகளைப் படித்த இரவு நான் அழுதேன். புல்லில் வைத்த அந்தப் பொட்டலம்தான் கண் முன்னால் வந்தது. அந்த மாலையில் என் விரல் இன்னும் இரண்டு அங்குலம் நகர்ந்திருந்தால் செய்தியில் நானும் இருந்திருப்பேன்.

இதற்குள் மார்ச்சிலேயே மறைத்து வைக்கும் முறைக்கு மாறியிருந்தேன். வெளியே தெரியாது, யாரும் பயப்பட மாட்டார்கள், பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. மறைத்து வைப்பதற்கு இன்னும் அதிகப் பழக்கம் வேண்டும். முதலில் ஆன்லைனில் 18 டாலருக்கு ஒரு துணி ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) வாங்கினேன். துப்பாக்கியை எடுத்தவுடன் அதன் வாய் மூடிக்கொள்ளும். திரும்பச் செருகும்போது துணியோ பனியன் நுனியோ டிரிக்கரில் மாட்டினால் வெடித்துவிடும். க்ளாக்கில் கட்டைவிரலால் தள்ளும் தனி சேஃப்டி கிடையாது, டிரிக்கர் அழுந்தினால் சுடும், அவ்வளவுதான். பயிற்சி வகுப்பில் (120 டாலர், துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே போயிருக்க வேண்டும்) ஆசிரியர் அதைப் பார்த்தவுடன் குப்பையில் போடச் சொன்னார். கைடெக்ஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில், டிரிக்கர் பகுதியை முழுக்க மூடும்படி, அந்த மாடலுக்கென்றே செய்தது வேண்டும். 85 டாலர். அதைத் தாங்க விறைப்பான பெல்ட், இன்னொரு 60.

வீட்டில் நான் வேட்டியும் பனியனும்தான். வேட்டியில் இதைச் செருக முடியாது. ஷார்ட்ஸின் ரப்பர் இடுப்பு கனத்தில் இறங்கும். அதனால் வீட்டுக்குள்ளேயே ஜீன்ஸும் பெல்ட்டுமாக உட்கார்ந்திருந்தேன். கழிவறைக்குப் போகும்போதெல்லாம் கழற்றி எங்கே வைப்பது என்ற பிரச்சினை. ஒரு நாள் குளியலறைத் திட்டில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். மூன்று நிமிஷம்தான். முதலில் பார்த்தது மனைவி என்பதால் தப்பித்தோம். டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்கு எட்டும்படி, சுடத் தயாராக உள்ள துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டு, அது பிள்ளையின் கைக்குப் போனால் பெற்றவர் மேல் குற்றம். சட்டத்தை விடுங்கள், அன்று மனைவி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாள் பேசவில்லை.

முடிவு கட்டியது மகன். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோபாவில் இருந்தேன். ஓடி வந்து கட்டிக்கொண்டான். அவனுடைய சின்னக் கை என் சட்டைக்குள் போய்ப் பிடியைச் சுற்றிக்கொண்டது. "அப்பா, இது என்ன கெட்டியா இருக்கு?" என்று இழுத்தான். உறை இறுக்கமானது, வரவில்லை. நான் அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். என் கை நடுங்கியதைப் பார்த்து அவன் அழ ஆரம்பித்துவிட்டான்.

அன்று ராத்திரிதான் உட்கார்ந்து ஒழுங்காக யோசித்தேன். எங்கள் வீட்டில் திருடியவர்கள் நாங்கள் இல்லாத நேரம் பார்த்து வந்தவர்கள். என் இடுப்பில் துப்பாக்கி வெளியே தெரிந்தாலும், சட்டைக்குள் இருந்தாலும், நான் கோயிலில் இருக்கும்போது அந்தக் கதவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வீட்டிலேயே விட்டுப் போயிருந்தால் நகையோடு அதையும் எடுத்துப் போயிருப்பார்கள். கதவுக்கு உண்மையில் தேவைப்பட்டது 15 டாலர் வேலை: பூட்டு விழும் தகட்டை மாற்றி, நிலைக்குப் பின்னால் உள்ள கட்டை வரை இறங்கும் மூன்று அங்குலத் திருகுகளைப் போடுவது. மிச்சமிருந்த நகையை வங்கி லாக்கருக்கு மாற்றினேன். லாக்கரில் உள்ள பொருளுக்கு வங்கி டெபாசிட் காப்பீடு பொருந்தாது, அதனால் ரைடரும் எடுத்தேன்.

துப்பாக்கியை விற்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையோடு போல்ட் போட்ட சின்ன இரும்புப் பெட்டியில் இருக்கிறது, 230 டாலர். முதலில் வாங்கிய கைரேகைப் பெட்டி ஈர விரலுக்குத் திறக்கவில்லை, அது 140 டாலர் வீண். இப்போது இருப்பது பொத்தான் அழுத்தும் வகை. எண் எனக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியும். துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம்மவர்கள் பேசத் தயங்குவது. இந்த நாட்டில் துப்பாக்கியால் நடக்கும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வேலை போய், விசா போய், மனம் உடைந்திருக்கும் யாராவது வீட்டில் இருந்தால் அந்தப் பெட்டியின் எண்ணை மாற்றுங்கள், அல்லது துப்பாக்கியைச் சட்டப்படி வேறு இடத்தில் வையுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.

எல்லாவற்றையும் கூட்டினால் துப்பாக்கி, உறைகள், வகுப்பு, பெட்டிகள், தோட்டா, வக்கீல்கள் என்று 3,000 டாலரைத் தாண்டியது. அம்மா ஜூனில் ஊருக்குத் திரும்பினார். எதிர் வீட்டுப் பெரியவரிடம் நானே போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் மறுபடி வேலியில் கை வைத்துப் பேசுகிறார். மகளின் தோழி இன்னும் வரவில்லை.

மகன் இப்போதும் ஓடி வந்து ஓரடி தூரத்தில் நின்றுவிடுகிறான். என் வலது இடுப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இல்லைதானே அப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் கட்டிக்கொள்கிறான்.